‘சரி’ என்று பொய் சொன்ன வரி

எங்கள் அலுவலகச் சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தது. அதில் இரண்டே எண்கள். வாடிக்கையாளர் இடத்தில் இந்த மாதம் எத்தனை இயந்திரங்கள் நின்றுபோயின என்பது ஒன்று. எங்கள் நிரலில் இன்னும் எத்தனை எச்சரிக்கைகள் பாக்கி என்பது மற்றொன்று. பூஜ்யம் என்றால் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. நிற்காமல் ஓடுகிற இயந்திரம் உருப்படியாகத்தான் ஓடுகிறதா என்று சொல்ல மூன்றாவது எண் ஒன்று வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தத் திரையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து தொழிற்சாலைத் தராசுகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். பெல்ட்டில் பாக்கெட் வரும், தராசின் மேல் ஒரு கணம் ஓடும், எடை குறைந்திருந்தால் ஒரு கை நீண்டு அதை வெளியே தள்ளிவிடும். தராசுக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி. அதன் அடித்தளமான கெர்னலில், எடையை உணரும் சென்சாரோடு பேசுகிற பகுதி என் பொறுப்பு. பல வருடமாக இதே வேலை. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறவள் என்ற பெயரும் கூடவே வந்துவிட்டது.

சுட்டி என்பது நினைவகத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி. முகவரி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தால் அது வெற்றுச் சுட்டி. மற்ற நிரல்கள் காலி முகவரியைத் தேடிப் போனால் அந்த நிரல் மட்டும் செத்துப்போகும். கெர்னல் அப்படிப் போனால் இயந்திரமே நின்றுவிடலாம். அதனால்தான் சுட்டியைத் தொடுவதற்கு முன்னால் ‘இது காலியா?’ என்று ஒரு வரி கேட்டுவைப்பது பலருக்குப் பழக்கம். கேட்பதில் என்ன தப்பு, பத்திரம்தானே என்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். நிரலில் எழுதுகிற ஒவ்வொரு செயல்கூற்றிலும், அதாவது ஒரு வேலையைச் செய்கிற ஒவ்வொரு துண்டிலும், முதல் வரி அதுதான்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் என் ஒப்புதலுக்கு ஒரு திருத்தம் வந்தது. நிரலைச் சோதிக்கும் கருவி ஒன்று, ‘இங்கே சுட்டி காலியாக இருக்கலாம்’ என்று வரிசையாக எச்சரிக்கைகளைத் துப்பியிருந்தது. சக ஊழியர் ஒருவர் அத்தனை இடத்திலும் ஒரே மாதிரி வரியைச் சேர்த்துவிட்டார். எடையைப் படிக்கிற செயல்கூற்றிலும் அது இருந்தது. சென்சாரின் சுட்டி காலியென்றால், பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பு. கெர்னலில் பூஜ்யம் என்றால் ‘வேலை முடிந்தது, எல்லாம் சரி’ என்று பொருள். எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் ‘போலே, போலே’, ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு ஒரு துரும்பைக்கூட அசைக்காத ஆள் ஒருவன் எல்லா அலுவலகத்திலும் இருப்பான். அந்த வரி அவன்தான்.

என் கருத்தை அதன் கீழேயே எழுதினேன். இந்த இடத்துக்குச் சுட்டி காலியாக வரவே கூடாது. வந்தால் தப்பு வேறெங்கோ நடந்திருக்கிறது என்று பொருள், அதை இங்கே மூடி மறைக்காதே. கேட்டே ஆகவேண்டும் என்றால் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பு, பூஜ்யத்தை அனுப்பாதே. இவ்வளவுதான் எழுதினேன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் மேலாளர் என் மேசைக்கு வந்துவிட்டார். பிழை எண்ணை அனுப்பினால் தராசின் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரும். சிவப்பு வந்தால் வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடுவார், அதுவும் இயந்திரம் நின்ற கணக்கில் சேரும். இதையெல்லாம் எனக்கு விளக்கிவிட்டுச் சொன்னார்:

“என்னம்மா, எல்லாத்துக்கும் சண்டையா? மெஷின் நின்னா கஸ்டமர் கத்துவான். நிக்கலன்னா யாருக்குத் தெரியப்போவுது? ஓகே பண்ணிட்டுப் போ லா, நாளைக்கு லீவு.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. நாள் முழுக்க வேறு விஷயங்களுக்கு வாதாடிய களைப்பு வேறு. பட்டர்வொர்த்துக்குப் போகிற ஃபெரியைப் பிடித்து, செபராங் ஜெயாவுக்கு வீடு போய்ச் சேரவேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் பக்கத்து வீட்டுத் தீபாவளிக்கு முறுக்கு பிழிந்து கொடுப்பது என் வேலை. ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். என் எதிர்ப்பு ஒரு வரியில், என் ஒப்புதல் அதற்கு அடுத்த வரியில். சுவரில் திரை பச்சையானது. யாரோ கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் மழை ஓய்ந்திருந்த ஒரு மாதத்தில், மாக் மண்டினில் இருக்கும் ஒரு மசாலாத் தூள் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. கால் கிலோ மீன் குழம்புத் தூள் பாக்கெட்டுகளில் ஒரு நாள் போன சரக்கு எடை குறைவு. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தராசில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்து, அன்றைய பதிவை எடுத்துக் கொடுக்கவேண்டும். மேலாளர் என்னை அனுப்பினார். நம் மெஷின் சுத்தம் என்று காட்டிவிட்டு வா என்று சொல்லித்தான் அனுப்பினார்.

உள்ளே நுழைந்ததும் ஏழெட்டுத் தும்மல். தராசைச் சோதனை எடைகள் வைத்துப் பார்த்தேன், கிராம் பிசகவில்லை. பதிவை அச்செடுத்தேன். அன்று போன ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரம், அதற்கு எதிரே ‘சரி’ என்று ஒரு சொல். பக்கம் பக்கமாகச் ‘சரி’. எடையை அச்சடிக்கிற பத்தி அந்த அறிக்கையில் கிடையாது, படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எங்கள் ஆட்களே எடுத்துவிட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டு, பணியாளர் பிரிவு அதிகாரியிடம் நீட்டினேன். அவர் நிம்மதியாக வாங்கிக்கொண்டார். தராசு பொய் சொல்லாது, அப்படியானால் அந்த லைனில் நின்ற பெண்தான் தராசில் ஏற்றாத பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்கி அன்றைய எண்ணிக்கையை முடித்திருக்கிறாள் என்றார். விளக்கம் கேட்டு ஷோ காஸ் கடிதம் கொடுத்தாயிற்றாம். அடுத்த வாரம் உள்விசாரணை, அதோடு வேலை போகும்.

அந்தப் பெண்ணை நான் கைகழுவும் இடத்தில் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தலையில் வலை, முகக்கவசம் கழுத்தில் தொங்கியது, விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. பதினெட்டு வருடம் அதே தொழிற்சாலை. தராசுக் கம்பெனியிலிருந்து வந்தவள் நான் என்று தெரிந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, எட மெஷின்னா நம்பர் ஆடணும். ஒரு பாக்கெட்டு இருநூத்தி அம்பத்தொண்ணு வரும், அடுத்தது நாப்பத்தொம்பது வரும், ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது. அன்னைக்கு டீ டைமுக்குப் பொறவு ஆடவே இல்ல. சாயங்காலம் வரைக்கும் ஒரே நம்பரு. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். பச்ச லைட்டு எரியுது, ஓடட்டும்னுட்டான்.”

சூப்பர்வைசர் அதை இப்போது மறுக்கிறார் என்றும் சொன்னார். அழவில்லை, குரல்கூட உயரவில்லை. பதினெட்டு வருடமாக நம்பர் ஆடுவதைப் பார்த்த கண்ணை விட்டுவிட்டு ஒரு காகிதத்தை நம்புகிறார்களே என்பதுதான் அவருக்கு ஆற்றாமை.

மறுபடி தராசுக்குப் போய், அறிக்கையை ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்த மூலப் பதிவைத் திறந்தேன். காலையில் எண்கள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றன. பத்தே கால் மணியிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டும் 251.3. மாலை ஐந்து மணி வரை 251.3. உலகத்தில் எந்த மசாலாத் தூளும் அப்படி நிரம்பாது. அந்த அம்மாவுக்கு ஒரு நொடியில் தெரிந்தது, கையில் பதிவை வைத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேநீர் இடைவேளையில் தூளைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். அந்தக் காற்றில் சென்சாரின் கேபிள் ஒரு நொடி கழன்று ஆடியிருக்கிறது. கேபிள் போனதும் எங்கள் நிரல் சென்சாரின் சுட்டியைக் காலியாக்கிவிட்டது, ஆனால் எடை படிக்கிற வேலையை நிறுத்தவில்லை. உண்மையான தப்பு அதுதான், அதுவும் என் பகுதிதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ‘எடை என்ன?’ என்று மேலிருந்து கேள்வி வந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் நான் ஒப்புதல் கொடுத்த வரி, சுட்டி காலி என்று பார்த்தது, பூஜ்யத்தை அனுப்பியது. சரி என்றதும் மேலே இருந்த நிரல் பழைய எடையையே புதிது என்று எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை இயந்திரத்தை அணைத்துப் போட்டதும் சென்சார் மறுபடி பிடித்துக்கொண்டது. அதனால்தான் என் சோதனையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அந்த வரி இல்லாமலிருந்தால் பத்தே காலுக்கு இயந்திரம் நின்றிருக்கும். திரை உறைந்திருக்கும், பெல்ட் நின்றிருக்கும், யாராவது எங்களைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள். நான் கேபிளைப் பார்த்திருப்பேன். அதிகம் போனால் ஒரு காலை வேலை கெட்டிருக்கும்.

மறுநாள் அலுவலகத்தில் யாரோடும் பேசாமல் அந்தத் திருத்தத்தில் சேர்த்த ஒவ்வொரு வரியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாமே குப்பை இல்லை, அதையும் சொல்லவேண்டும். நினைவகம் கேட்கிற இடத்தில் இல்லையென்று பதில் வரலாம், அங்கே பார்க்காமல் போகிறவன் முட்டாள். சில தராசுகளுக்கு வெளிப்பக்கம் இன்னொரு காட்சித் திரை இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. அங்கே காலி என்பது தப்பே இல்லை, ‘திரை இல்லை, அந்த வேலையை விடு’ என்று பொருள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. வெளியிலிருந்து யார் யாரோ அனுப்புகிற எதையும் வாசலிலேயே சந்தேகப்படவேண்டும். இங்கெல்லாம் காலியாக வரும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியும், வந்தால் என்ன செய்வது என்றும் தெரியும்.

மற்ற இடங்களில் அந்த வரியை எழுதிய ஆளுக்கு, காலியாக வந்தால் அடுத்து என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை. பதில் தெரியாமல் கேட்ட கேள்வி அது, எச்சரிக்கை துப்பிய கருவியின் வாயை அடைப்பதற்காகக் கேட்டது. இரண்டு வரிக்கு முன்னாலேயே சுட்டியைத் தொட்டுவிட்டு, அதற்குப் பிறகு காலியா என்று கேட்கிற அறிவாளித்தனமும் நடுவில் இருந்தது. கேபிள் கழலக்கூடிய இடம் இன்னும் மோசம். காலியா என்று பார்த்து முடித்த கணத்துக்கும் அதைத் தொடுகிற கணத்துக்கும் நடுவிலேயே கேபிள் கழலலாம். அங்கே வேண்டியது பூட்டு. படிக்கிற வேலை முடியும் வரை சென்சாரை யாரும் எடுக்கக்கூடாது என்ற பூட்டு. பூட்டைப் போட்டு, அதற்குள் கேட்டு, காலியென்றால் ‘சாதனம் இல்லை’ என்று மேலே உரக்கச் சொல்லவேண்டும். மேலே இருப்பவன் சிவப்பு விளக்கைப் போட்டுத் தொலைக்கட்டும். அதை அன்றைக்கே எழுதினேன். ஒரு நாள் வேலைகூட இல்லை. அந்தத் தீபாவளிக்கு முன்னாலேயே செய்திருந்தாலும் அதே ஒரு நாள்தான் ஆகியிருக்கும். அதுதான் என்னை அதிகமாக எரித்தது.

மேலாளரிடம் போய் விசாரணையில் நான் சாட்சி சொல்லப்போகிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. மென்பொருளைச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம், தொழிற்சாலைக்குள் நடக்கிற விவகாரத்தில் நாம் ஏன் தலையிடவேண்டும் என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அச்சுதான் அந்தப் பெண்ணுக்கு எதிரான ஒரே சாட்சி என்றேன். எல்லா இடத்திலும் காலியா என்று கேட்கும் வரி இருந்தும் இப்படி ஆனது என்றால், இன்னும் கூடுதலாகச் சேர்க்கவேண்டுமோ என்று அவர் யோசனையாகச் சொன்னார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். எனக்கு வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. விசாரணை நாளுக்கான விடுப்புப் பாரத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

விசாரணை ஒரு கூட்ட அறையில் நடந்தது. குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் அந்த அக்கா, துணைக்கு இன்னொரு தொழிலாளி. மலாயில் கேட்டார்கள், மலாயில் பதில் சொன்னோம். நான் மூலப் பதிவை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன், 251.3 வரிசையாக நிற்கிற பக்கங்கள். கேபிளைப் பற்றிச் சொன்னேன், அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் என் எதிர்ப்பும் அதற்குக் கீழே என் ஒப்புதலும் இருந்த பக்கத்தை நீட்டி, இது ஆபத்து என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன் என்றேன். தலைமை அதிகாரி அந்தப் பக்கத்தைப் படிக்காமலே என் பக்கம் திருப்பித் தள்ளினார். அது உங்கள் நிறுவனத்தின் உள்விவகாரம், இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்றார்.

பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். நம்பர் ஆடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் அழுத்தவில்லை? சூப்பர்வைசர் ஓடட்டும் என்றார் என்று அக்கா சொன்னார். சூப்பர்வைசர் அங்கே இல்லை, அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.

அக்காவுக்கு வேலை போகவில்லை. பாக்கெட்டை ஏமாற்றி அடுக்கினார் என்ற குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, எடை தவறு என்று அறிந்தும் பெல்ட்டை நிறுத்தவில்லை என்று இறுதி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தவறு நடந்தால் விசாரணை இல்லாமலே வெளியே. அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துவிடுங்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

“நான் நிறுத்தலன்னு எழுதிட்டாங்க. சரி, நான் நிறுத்தல. எனக்கு மேல ஒருத்தன் ஓடட்டும்னான், எனக்குச் சோறு வேணும், ஓட்டினேன். நீங்க படிச்சவங்க, எழுதி வேற வச்சிருக்கீங்க. நீங்க ஏன் தங்கச்சி நிறுத்தல?”

எனக்கு மேலேயும் ஒருவர் ஓடட்டும் என்றார் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

விசாரணை அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. அதில் அந்த அக்காவின் பெயர் ஒன்பது இடத்தில் இருக்கிறது. என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை, ‘மென்பொருள் கோளாறு’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் உண்மையை மறைக்காமல் சொன்னோம் என்று அந்தத் தொழிற்சாலை இன்னும் நான்கு தராசுகளுக்கு எங்களிடமே ஆர்டர் கொடுத்துவிட்டது. அந்த வருட மதிப்பீட்டில் மேலாளர் எனக்கு, வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் காப்பாற்றியவர் என்று எழுதி, முழு மதிப்பெண் போட்டிருந்தார்.